உதாரணமாக, ஒரு மேஸ்திரி

செங்கல் சுமந்த வயதில் வலிக்காத தோள், தத்துவம் அடிக்க ஆரம்பித்த மூன்றாம் மாதம் வலித்தது. வலது தோளில் தொடங்கி, கழுத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. டைப்பிஸ்ட் பெண் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே அடுத்த பக்கத்தை மெஷினில் சொருகினாள். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். அந்தக் காலத்தில் ஓர் எழுத்து தப்பினால் மூன்று இடத்தில் சுரண்ட வேண்டும். அதனால் எல்லோரும் கொஞ்சம் யோசித்துத்தான் அடித்தார்கள்.

"முதலாளி, இங்க கொஞ்சம் பாருங்க."

டைப் அடிக்கும் கடையின் முதலாளிக்குத் தெருவில் 'கார்பன்' என்று பெயர். எதையும் இரண்டு தடவை சொல்வார்.

"என்ன? என்னன்னு கேட்டேன்?"

தத்துவப் பேராசிரியர் ஒருவர் புத்தகமாக்கக் கொடுத்திருந்த கையெழுத்துப் பிரதியை அவள் நீட்டினாள். 'சொந்தம் என்பது வாங்குவதில் பிறப்பதில்லை, புழங்குவதில் பிறக்கிறது. உதாரணமாக' என்பது வரை முத்து முத்தான எழுத்து. அதற்குக் கீழே ஐந்து வரி, மைக்கூட்டில் விழுந்த எறும்பு உயிர் பிழைத்து ஓடியதுபோல ஒரே கிறுக்கல்.

"படிக்க வரல முதலாளி. இடம் விட்டு அடிச்சுட்டு, அவர்கிட்டயே கேட்டுக்கலாமா?"

"இடம் விடாதே. இடம் மட்டும் விடாதே. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு இடம் விட்டா. அந்த இடத்துலதான் இப்ப நீ உட்கார்ந்திருக்க. பெரிய மனுஷன்கிட்ட போய் 'உங்க எழுத்து புரியல'ன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவார். புரியுதா? புரியுதான்னு கேட்டேன்."

புரிந்தது. இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவள் அம்மா செங்கல் சூளைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். இருபத்தாறு வருடம் கல் சுமந்த முழங்கால். மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்கும். வேலை போனால் அந்த முழங்கால் மறுபடி சூளைக்குப் போக வேண்டும். வீட்டில் வேறு முழங்கால் கிடையாது.

அவள் அடித்தாள். 'உதாரணமாக, சூளையில் கல் சுமக்கும் பெண் தன் சும்மாட்டை யாருக்கும் இரவல் தர மாட்டாள். வெறும் கிழிசல் துணிதான். ஆனால் அவள் தலையின் அச்சு அதில் விழுந்திருக்கிறது.'

இரண்டு நாள் கடை வாசலில் நிழல் விழுந்தாலே எழுந்து நின்றாள். மூன்றாம் நாள் பேராசிரியர் வீட்டிலிருந்து அடுத்த கட்டு வந்தது. கூடவே திட்டு எதுவும் வரவில்லை. ஆனால் இந்தக் கட்டில் கிறுக்கல் மூன்று இடத்தில் இருந்தது.

"அவருக்கு வயசாயிடுச்சு போல முதலாளி, கை நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்கினா நமக்கென்ன? இடம் விடாதே."

'காலம் கடிகாரத்தில் இல்லை. உதாரணமாக' என்று ஓரிடம். அவள் விரல் தானாக ஓடியது. 'சூளை ஓரம் உட்கார வைத்துவிட்டுப் போன பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. அது அம்மாவின் நடையை எண்ணும். பத்தாம் நடையில் பசிக்கும். முப்பதாம் நடையில் தூக்கம் வரும். கண் விழித்தால் முகத்துக்கு நேரே அம்மாவின் புழுதி படிந்த பாதம். சாயங்காலம் ஆகியிருக்கும்.'

அடித்து முடித்துத் தாளை உருவினாள். ரிப்பன் மையின் வாசத்தை மீறி, வெந்த மண்ணின் வாசம் வந்தது. அவள் பிள்ளையாக உட்கார்ந்திருந்த அந்தச் சூளையை இடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது; அம்மா பிறகு போனதெல்லாம் வேறு சூளை.

வீட்டில் அம்மா கேட்டாள்: "அப்படி என்னடி அடிக்கிற, ஞாயித்துக்கிழமைகூட?"

"உதாரணம்மா."

"அப்படின்னா?"

"படிச்சவங்க ஒண்ணு சொல்வாங்க. அது நம்மள மாதிரி ஆளுக்குப் புரியணும்னா, நடந்த கதை ஒண்ணைச் சொல்லணும். அதான்."

"அப்ப முதல்லயே கதையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குடி நடுவுல ஒரு பெரிய மனுஷன்?"



ஆறாம் அத்தியாயம் நன்மை தீமை பற்றியது. கிறுக்கல் ஒரு முழுப் பக்கம். அவள் அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நம்ம சூளை மேஸ்திரி நல்லவரா, கெட்டவரா?"

"மழையில, சுடாத பச்சைக் கல்லு மூடுற தார்ப்பாயைத் தூக்கி உன்னை உள்ள விட்டார்ல?"

"ஆமா."

"மறுநாள் கல்லு நனைஞ்சுபோச்சுன்னு என் கூலியில பிடிச்சார்ல?"

"ஆமா."

"அப்ப மேஸ்திரின்னா மேஸ்திரி. இதுல என்னத்த நல்லது, கெட்டது?"

அதை அப்படியே அடித்தாள். பேராசிரியர் நாற்பது பக்கம் சுற்றி வந்து சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

அதற்குப் பிறகு மேஸ்திரி அவளை விடவில்லை. எட்டாம் அத்தியாயத்தில் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு வந்தார். ஒன்பதில் இருமினார். என்றைக்காவது அகப்பட்டுக்கொள்வோம் என்று அவளுக்குப் பயம். ஆளைக் கொன்றுவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைத்து, பத்தாம் அத்தியாயத்தில் சூளைச் சுவரைச் சரித்து அவர்மேல் தள்ளினாள்.

மறுநாள் கார்பன் மேஜையில், அடித்து வைத்த பத்தாம் அத்தியாயத்தின்மேல் தலையைக் கவிழ்த்திருந்தார்.

"என்ன முதலாளி?"

"மேஸ்திரி செத்துட்டார்மா." மூக்கைச் சிந்தினார். ஆச்சரியம், ஒரு தடவைதான் சொன்னார்.

புத்தகம் அச்சாகி வந்தது. பேராசிரியரின் முந்தைய ஐந்து புத்தகங்களும் பதிப்பாளர் வீட்டுக் கட்டிலுக்குக் கால் கொடுத்துக்கொண்டிருந்தன. இது ஆறே வாரத்தில் தீர்ந்தது. பதிப்பாளருக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம். யாரும் சொந்தம் பற்றியோ காலம் பற்றியோ கேட்கவில்லை. மேஸ்திரிக்குப் பிள்ளைகள் உண்டா, அந்தச் சிறுமி இப்போது எங்கே இருக்கிறாள் என்றுதான் கேட்டார்கள்.

கல்லூரி மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அன்று காலையில் கார்பன் மூச்சு வாங்க வந்தார்.

"கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கேட்கிறார். கூட்டத்துல அதைப் பார்த்துத்தான் படிக்கப் போறாராம். படிக்கப் போறாராம்மா!"

அவளுக்கு உயிர் பாதி போயிற்று. மீதிப் பாதியை வைத்து ஒரு வேலை செய்தாள். பேராசிரியரின் பேனா மாதிரி ஒரு பேனா வாங்கி, அவர் தாள் மாதிரி தாளில், உதாரணங்களை எல்லாம் அவர் கிறுக்கலிலேயே எழுதிச் செருகிவிடலாம் என்று உட்கார்ந்தாள். மதியம் வரை எழுதினாள். அச்சு அசலாக வந்தது. அவளாலேயே படிக்க முடியவில்லை.

கிழித்துப் போட்டாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பிரதிக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் பேராசிரியர் மேடை ஏறிவிட்டார். கடைசி வரிசையில், ஒரு வயதான அம்மாள் பக்கத்தில் இடம் கிடைத்தது.

முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், அந்த மேஸ்திரி நிஜமாவே இருந்தவரா?"

டைப்பிஸ்ட் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பிரதி இன்னும் வந்து சேரல. பரவாயில்ல. இதுக்கு எனக்குப் பிரதி எதுக்கு?" கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "மழை பெஞ்சா தார்ப்பாயைத் தூக்கி என்னை உள்ள விடுவார். அந்த வாசம் இன்னும் என் மூக்குல இருக்கு. எங்க அம்மா முப்பதாவது நடை வரும்போது நான் தூங்கியிருப்பேன்."

மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது.

அவள் கண்ணைத் திறந்தாள். "ஐயோ, அது எங்க அம்மா!" வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பினாள். டைப்பிஸ்ட் பெண்ணின் மடியில் இருந்த கட்டைப் பார்த்தாள். "டைப் அடிக்கிற பொண்ணா நீ? நான் அவர் வீட்டுக்காரி."

அவ்வளவுதான், மடை உடைந்தது. "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. அந்தக் கிறுக்கலை எனக்குப் படிக்க வரல. வேலை போயிடும்னு பயந்து நானா ஏதேதோ அடிச்சுட்டேன். சார் நிஜமா என்ன எழுதியிருந்தாரோ, எவ்வளவு பெரிய விஷயமோ, எல்லாம் என்னால போச்சு. சார் சின்ன வயசுல சூளையில இருந்தாரா என்ன?"

"சூளையா? அவங்க அப்பா நீதிபதி. டைப் ஆனதை அவர் பார்க்கவே இல்ல, நான்தான் நேரா பதிப்பாளருக்கு அனுப்பினேன். புத்தகம் அச்சாகி வந்ததும் படிச்சுப் பார்த்துட்டு, 'நானா இவ்வளவு நல்லா எழுதினேன்'னு ஆச்சரியப்பட்டார். சின்ன வயசு ஞாபகமா இருக்கும்னு நான்தான் சொல்லிவெச்சேன். இப்ப அவரே நம்பிட்டார்."

"அப்ப அந்தக் கிறுக்கலுக்குள்ள என்னதான்மா இருந்துச்சு?"

அந்த அம்மாள் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். பிறகு அவள் காதருகே குனிந்தாள்.

"எல்லா இடத்துலயும் 'உதாரணமாக, ஒரு நாற்காலி'ன்னுதான் எழுதியிருந்தார், நாற்பது வருஷமா அதே நாற்காலியைக் கேட்டுச் சலிச்சுப்போய், அதுமேல பேனாவால கிறுக்கிக் கிறுக்கி உனக்கு அனுப்பினது நான்தான்மா. அட்டையில உன் பேரைப் போட வேண்டியது இன்னும் எங்க கடன்."