சொட்டும் குழாயும் ஒரு நாள் விடுப்பும்

தலைமை எழுத்தருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு. மாதத்துக்கு ஒன்றாக அதை அவர் வீட்டுக் குழாயின் பெயரில் எடுத்துவந்தார். தொலைக்காட்சியில் நல்ல கால்பந்து மேட்ச் என்றால், முந்தின நாள் மாலையே சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்து ஒரு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுவார். காலையில் தண்ணீர் சொட்டும். 'மனைவி தனியே இருக்கையில் முன்பின் தெரியாத ஆண் பழுது பார்க்க வருவதால்' என்று அலுவலகத்துக்குத் தகவல் போகும். மேலாளர் அவருடைய அக்கறையைப் பிறரிடம் எடுத்துச் சொல்லிப் பாராட்டுவதும் உண்டு.

இம்முறை, பிளம்பரை அனுப்பும் செயலியில் புது வசதி வந்திருந்தது.

“ஏங்க, ஆணா பெண்ணான்னு கேக்குது. பெண்ணுன்னு போட்டுட்டேன். நீங்க நிம்மதியா ஆபீஸ் போகலாம்” என்றாள் மனைவி.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்கு இறுதிப் போட்டி.

“குழாய்க்கு என்னம்மா ஆம்பளை, பொம்பளை?”

“அதானே. இத்தனை நாளா உங்களுக்குத்தான் அந்தக் கவலை.”

“இருந்தாலும் துணைக்கு நான் இருக்கேன். லீவு சொல்லியாச்சு.”

“இருக்கலாம்தான். ஆனா அந்தப் பொண்ணும் ஒண்ணு டிக் பண்ணியிருக்கா.”

“என்னத்தை?”

“வேலை முடியற வரைக்கும் வீட்டுல ஆம்பளை யாரும் இருக்கக் கூடாதாம். அவளுக்கும் பாதுகாப்பு வேணும்ல.”

“நான் என்ன ஆம்பளையா?”

கேட்ட பிறகுதான், தாம் கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்தது. மனைவி அவருடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

பதினொரு மணிக்கு அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஆரவாரம் கேட்டது, கோல் போட்டது யார் என்பதுதான் கேட்கவில்லை. நட்டைக் கால் சுற்று முடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பிளம்பர் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“உள்ள போங்கண்ணே. நல்ல மேட்ச்.”

மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

“நட்டு தானா தளர்ற வீடாம் இது. அடிக்கடி வந்து பாக்கணும்னு சொல்றா.”

அவர் முகம் சற்றே மலர்ந்தது.

“அதுக்கென்ன, லீவு போட்டுட்டாப் போச்சு.”

“லீவெல்லாம் வேணாங்க. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன். நீங்க சாயங்காலமா வீட்டுக்கு வந்தாப் போதும்.”