மாமனாரின் நெற்றியும் என் குதிகாலும்

உடம்பில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் போதும், கையில் போன் இருக்கிற எவனும் ஒரே சாயங்காலத்தில் டாக்டராகிவிடலாம். நான் ஆனேன். (நோயாளியும் நானே என்பதால் தொழில் சுலபமாகத்தான் இருந்தது.)

செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்போது ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி தங்கியிருந்தார். ஒருநாள் நான் வராந்தாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தபோது என் குதிகாலைக் குனிந்து பார்த்தார். "இந்தக் கறுப்பு புதிதா? எங்கள் ஊரில் இப்படி வந்தால் தோல் புற்றுநோயா என்று உடனே டாக்டரிடம் காட்டிவிடுவோம்" என்றார். சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார். நான் போனை எடுத்தேன்.

அதுவரை அதை வெள்ளைக்காரர்களின் சொந்த நோய் என்று நினைத்திருந்தேன். போனில் தேடினால், நம் நிறத்துக்காரர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும்கூட வரும் என்று போட்டிருந்தது. வெயிலே படாத உள்ளங்காலில் எப்படி வரும்? பயத்தை மீறி ஆர்வம் தாங்கவில்லை. சாப்பாடு ஆறிப்போகும்வரை படித்தேன். பிறகு மனைவி சுமதியைக் கூப்பிட்டு, எனக்குப் பின் கேஸ் சிலிண்டரை எப்படிப் பதிவு செய்வது என்று உருக்கமாக விளக்கினேன். "எப்பவும் நான்தான பண்றேன்" என்றாள்.

இதற்கு நம் ஊரில் யாரிடம் போவது? போன் முதலில் காட்டியது ஒரு தோல் கிளினிக். போர்டு முழுக்கப் பளபளக்கும் கன்னங்கள். நான் காலைத் தூக்கியதும் வரவேற்பில் இருந்த பெண், "சார், நாங்க முகத்துக்கு மட்டும்தான் பண்றோம்" என்றாள். மருந்துக்கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்காமல் சொறி படைக்குப் போடும் களிம்பு கொடுத்தார். கடைசியில் அண்ணாமலையாரிடம் போனேன். புள்ளி மறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வெறுங்காலில் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம். வீட்டுக்கு வந்து பார்த்தால் புள்ளி பெரிதாகியிருந்தது. (வேண்டுதலை அவர் தலைகீழாக எடுத்துக்கொண்டார் போலும்.)

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எனக்கு அப்புறம்தான் தோன்றியது: அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு. துணைக்கு மாமனார் வந்தார். வெயிலில் மின்கம்பம் ஏறி இறங்கியே ஓய்வுபெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வாசல் தாண்ட மாட்டார். "இன்னா மாப்ள, ஒரு மச்சத்துக்கு இம்மாம் பெரிய ஆஸ்பத்திரியா?" என்று ஆட்டோவில் கேட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா என் குதிகாலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "வெறுங்கால்ல நடப்பீங்களா?"

"எப்பவும் வெறுங்கால்தான். இது போகணும்னு கிரிவலமும் நடந்தேன் டாக்டர்."

ஒரு சிறு பிளேடால் மேல்தோலைச் சீவினார். வலிக்கவே இல்லை. புள்ளி சீவலோடு வந்துவிட்டது. "ரத்தக்கட்டுங்க. நடந்து நடந்து தோலுக்குள்ள கசிஞ்சு உறைஞ்சிருக்கு. ஆனா, வந்து காட்டினது நல்லது" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தவர் என் மாமனார். சிரிப்பில் நெற்றி சுருங்க, காய்ந்த திருநீறு உதிர்ந்தது. டாக்டரம்மா அவரையே பார்த்தார். "ஐயா, அந்தத் திருநீறைக் கொஞ்சம் துடைங்க."

"கோயில் திருநீறும்மா, துடைக்கக் கூடாது. கீழ ஒரு சின்னப் புண்ணு ஆறாம இருக்கு. அதுக்குத்தான் தூக்கலா பூசறேன்."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

ஆறாத புண்! நான் படித்ததெல்லாம் ஒரே நொடியில் தலைக்கு ஏறியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, கரும்பலகையைத் துடைப்பதுபோல மாமனாரின் நெற்றியைத் துடைத்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால். எங்கள் குடும்பத்தில் மாமனாருக்கு எதிரில் சத்தமாகத் தும்மக்கூட யோசிப்போம். சிரிப்பெல்லாம் நின்றுபோனது. நெற்றியில் கறுத்த விளிம்போடு ஒரு சிறு பள்ளம் இருந்தது.

அன்றைக்கே அதிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது மாமனார் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். முடிவு வரும்வரை என்னோடு பேச்சே இல்லை.

முடிவு வந்தது. தோல் புற்றுநோய்தான். சுமதி அழுதாள். நான் கேட்ட கேள்விகளில் டாக்டரம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார்: இது மெதுவாக வளரும் வகை, வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம், விட்டுவைத்தால் அங்கேயே தோண்டிக்கொண்டு போகும், சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு வெட்டியெடுத்து, ஓரங்களைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே போதும்.

"முடி கொட்டுமா?" என்று மாமனார் கவலையோடு கேட்டார். கொட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு வெட்டினார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். ஓரமெல்லாம் சுத்தம் என்று சோதனை முடிவு வந்த அன்று, நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

போன தை மாதம் என் மைத்துனியைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி முடிந்ததும் மாமனார் பையனிடம், "தம்பி, காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்றார்.

பையனின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க புள்ள கால்ல இன்னாங்க குறை?"

"குறைலாம் இல்லம்மா. பெரிய மாப்ள கால்ல ஒரு கறுப்பு இருந்துச்சு. அதனாலதான் நான் இன்னைக்கி உங்க முன்னால உக்காந்துனு இருக்கேன்."

பையன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். காட்டிவிடுப்பா என்று தலையாட்டினேன். சாக்ஸைக் கழற்றினான். இப்போது மாமனார் வீட்டுக்கு நாங்கள் இருவரும் மாப்பிள்ளைகள். காலைக் காட்டாமல் இரண்டு பேருக்கும் காபி கிடையாது.