மருந்து: வழக்கம் போல

தலைச்சோலை, ஏற்காடு
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சந்திரசேகர் அவர்களுக்கு, மைத்துனன் பிரபாகர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சசிகலாவும் சௌக்கியம். மழை அளவாகப் பெய்கிறது, மிளகு காய்த்திருக்கிறது. கோயமுத்தூரில் நீங்களும் வெண்ணிலா அக்காவும் மகள் குடும்பமும் இதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான். ஆனால் இத்தனை வருடம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதில் நம் நான்கு காதுகளில் இப்போது ஒன்றரைதான் வேலை செய்கிறது. போன வாரம் நான் "தோட்டா சிக்குது" என்றேன். நீங்கள் "நல்லாத் தூங்கு" என்றீர்கள். அதனால்தான் கடிதம்.

முப்பது வருடம் நீங்கள் தோட்டா அடைத்தீர்கள், நான் சுட்டேன். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, மெஷினில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி தரும் கேப்பு மாட்டி, வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து நீங்கள் நீட்டும் டப்பாவைக் கை நீட்டி வாங்கியதோடு சரி. என் பதக்கங்களில் பாதி உங்களுடையது என்று மேடையில் சொல்லியிருக்கிறேன்; சத்தியமாக மரியாதைக்குத்தான் சொன்னேன். சனிக்கிழமை மதியங்களில் நம் தோட்டத்துக் கொட்டகையில் நீங்கள் கிரிக்கெட் வர்ணனை கேட்டபடி மெஷின் கைப்பிடியை இழுக்க, அக்கா பலாக்கொட்டை சுட்டு அனல் பறக்க எடுத்துவர, நீங்கள் "ஏம்மிணி, மருந்துக்குப் பக்கத்துல நெருப்பையா கொண்டார்றது!" என்று குதிக்க, நான் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே அத்தனையும் தின்று தீர்த்திருக்கிறேன்.

போன வருடம் ஊரைவிட்டுப் போகும்போது மெஷினையும் நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்குது" என்றீர்களே, லைசென்ஸ் எல்லாம் என் பேருக்கு வந்த பிறகு அதைத் திறந்தேன். கூட்டின் நீளம்: வழக்கம் போல. மருந்து: வழக்கம் போல. கடைசிப் பக்கத்தில், கவனிக்க வேண்டியவை: வழக்கம் போல. மச்சான், அந்த வழக்கம் யாருடையது?

முதல் ஐம்பது தோட்டாவில் முப்பது, கைத்துப்பாக்கிக்குள் முழுதாக இறங்காமல் நட்டுக்கொண்டு நின்றன. துப்பாக்கிதான் கிழடாகிவிட்டது என்று பிரித்துக் கழுவினேன், எண்ணெய் விட்டேன், ஸ்பிரிங்கை மாற்றினேன். சேலத்துத் துப்பாக்கிக் கிளப்பில் பழுது பார்க்கும் நம் அம்மாசி ஒரு தோட்டாவை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. கூடுதான் நொம்ப குண்டா இருக்குதுங்க" என்றான். மெஷினில் அச்சை முழுதாக இறக்காமலே அமுக்கியிருக்கிறேன். அதைச் சரிசெய்தால், அடுத்த ஐம்பதில் சுட்ட கூடு வெளியே தெறிக்காமல், அது வெளியேறும் வாயிலேயே புகைக்கூண்டு மாதிரி மாட்டிக்கொண்டது. மருந்து குறைவு. நான் ஜன்னலைத் திறந்துவைத்து மருந்தை எடை போட்டதில் மலைக்காற்று தராசுத் தட்டை ஆட்டியிருக்கிறது. எனக்கு அது தெரிய ஒரு வாரம் ஆனது. ஜன்னலைச் சாத்தி மூன்றாவது ஐம்பதை அடைத்துக்கொண்டிருந்தபோது சசிகலா, "ஏனுங்க, காட்டெரும காப்பிக் காட்டுக்குள்ள பூந்துருச்சுங்க!" என்று கத்தினாள். ஓடினேன், தகரம் தட்டினேன், அது என்னைப் பார்த்தது, திரும்பி வந்தேன், விட்ட இடத்திலிருந்து மருந்து போட்டேன். விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து.

நேற்று கிளப் ரேஞ்சில் எட்டாவது குண்டுக்குச் சத்தம் "புஸ்" என்று வந்தது. தாளில் ஓட்டை இல்லை. முப்பது வருடத்தில் நான் தாளைத் தவறவிட்டதில்லை. அவமானத்தில் யாரும் பார்ப்பதற்குள் துப்பாக்கியின் மேல்மூடியைக் கையால் இழுத்து அடுத்ததை ஏற்றிவிட்டேன். விரல் விசையில் இருக்கிறது. பக்கத்து வரிசையில் சுடும் பானு, சேலத்தில் பல் டாக்டர், "சுட்ராதீங்க சார்! வெரல எடுங்க!" என்று அலறினாள். அம்மாசி வந்து, தோட்டாவை இறக்கி, குழலுக்குள் கம்பியை விட்டுத் தட்டினான். உள்ளே நின்றிருந்த ஈயக்குண்டு கொட்டைப்பாக்கு மாதிரி மேஜையில் விழுந்தது. மருந்தே இல்லாத தோட்டா. கேப்பு மட்டும் வெடித்துத் தள்ளியிருக்கிறது. "அடுத்தத சுட்டிருந்தா கொழலு தெறிச்சு, உங்க வெரல நானு பொறுக்கியிருக்கோணுமுங்க" என்றான்.

பானு தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "தனியாவா சார் அடைக்கறீங்க?" என்று கேட்டாள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன், மச்சான். மலையேறும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கேள்விதான். கொட்டகையில் வர்ணனை கேட்டு ஒரு வருடமாகிறது. நான் போட்ட ரேடியோவில் கிரிக்கெட்டே வருவதில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பதினான்காம் தேதி மூத்தோர் போட்டிக்கு நான் போகப்போவதில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறேன். மெஷினைச் சாக்கில் கட்டிக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். மறுபேச்சு வேண்டாம்.

அக்காவின் கால்களைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். பேத்தி பெரிய படிப்புப் படித்து, பெரியவர்களின் நோட்டுப் புத்தகங்களை நம்பாமல் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பத்து விரல்களுடன்,
பிரபாகர்

பி.கு. (புதன்கிழமை): எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதைச் சசிகலாவிடம் கொடுத்தேன். "இத அனுப்புனா அண்ணன் அங்க உக்காந்து அழுவாரு. வாங்க கொட்டாய்க்கு" என்றாள். நான் மருந்து போடப் போட, அரிசியில் கல் பார்ப்பதுபோல ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்து மூன்றைத் தள்ளினாள். இன்று காலை ஐம்பதும் வெடித்தன. மெஷின் வரவில்லை, துப்பாக்கியும் எங்கும் போகவில்லை. பதினான்காம் தேதிப் போட்டியில் இரட்டையர் பிரிவுக்கு உங்கள், என் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். சுடுவதை விட்டு, தோட்டா அடைக்க உட்கார்ந்து முப்பது வருடமாயிற்று என்று சொல்லித் தப்ப வேண்டாம். அக்கா சசிகலாவிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டார்: தினமும் காலையில் பால்கனியில் ஒரு கண்ணைச் சுருக்கி, இஸ்திரிப் பெட்டியை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தபடி பத்து நிமிடம் நிற்கிறீர்களாமே, எதிர்வீட்டுக்காரர் வந்து, கரண்டு இல்லையா என்று கேட்டாராமே. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறுங்கள்.