காட்டு நூலகத்தை மூட வந்த நரி

ஒரு காட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. வயிறு புண்ணாகிற சிரிப்பு. அதைத்தான் உங்களுக்குத் தரப்போகிறேன். ஆனால் இப்போது இல்லை. முதலில் ஒரு சுற்றறிக்கையைப் படிக்க வேண்டும். சுற்றறிக்கை படிக்காமல் எந்தக் காட்டிலும் யாரும் சிரித்துவிட முடியாது.

சிங்க மகாராஜாவின் சுற்றறிக்கை, எண் 118. மூக்கால் படித்துக்கொள்ளவும்: “தெரிவிப்பது யாதெனில், காட்டு நூலகத்தின் நூல்கள் அனைத்தும் கைப்பேசிக்குள் ஏற்றப்பட்டுவிட்டன. எனவே நூல்களுக்கு இனிக் கட்டடம் தேவையில்லை. ஆய்வு நாளன்று வருகைப் பதிவேட்டில் ஐம்பது பதிவுகளுக்குக் குறைந்தால், மேற்படி கட்டடம் மின்னூல் மேலாண்மைத் துறைக்கு ஒப்படைக்கப்படும்.”

அந்தத் துறையின் இயக்குநர் குள்ளநரி சம்புலிங்கம். நூல்களுக்குத்தான் கட்டடம் தேவையில்லை. அவற்றுக்குக் கட்டடம் தேவையில்லை என்று கடிதம் எழுதுகிற துறைக்கு எட்டு அறையும் எட்டு ஏசியும் தேவைப்பட்டன.

சிரிப்பு வந்ததா? நான் சொன்னது அது இல்லை. அடக்கிக்கொள்ளுங்கள்.

நூலகர் முள்ளம்பன்றி பரிபூரணம் சுற்றறிக்கையை வாசகர்களுக்குப் படித்துக் காட்டியது. வாசகர்கள் என்றால் மூன்று பேர். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும் கொக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே, தடித்த அகராதியில் தலை வைத்துத் தூங்கும் ஆந்தை. பதினான்கு வருடமாக அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஆமை கூர்மையா.

கூர்மையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “புத்தகமெல்லாம் போனுக்குள்ள போயிடுச்சு, சரிக்கா. நான் எதுக்குள்ள போறது? வீட்டுல பதினோரு தம்பிங்க. ஒருத்தன் டிவி, ஒருத்தன் மிருதங்கம். இந்த மேஜை போச்சுன்னா என் பரீட்சையும் போச்சு.”

“உனக்குத்தான் ஓடு இருக்கே, அதுக்குள்ள போய்ப் படி” என்றது கொக்கு.

“அதுல லைட் இல்லடா!”

“நாளைக்கே ஆய்வு” என்றது பரிபூரணம். “மிச்சம் நாற்பத்தேழு பேருக்கு நான் எங்க போறது?”

“முயலுங்களைக் கூப்பிடுக்கா. ஒண்ணைக் கூப்பிட்டா ஒரு வம்சமே வரும்” என்றது கொக்கு.

“அதுங்க வராது. குடும்பத்தோட குழியில படுத்து போனை நோண்டிட்டிருக்கும்.”

பரிபூரணம் முதுகு முள்ளைச் சொறிந்துகொண்டு யோசித்தது. சுவரைப் பார்த்தது. பழைய கருங்கல் சுவர், மூன்றடி கனம். பிறகு மெதுவாகச் சொன்னது: “நாளைக்கு என்ன நடந்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது. இது நூலகம்.”

உங்களுக்கும் அதே விதிதான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நரி வந்தது. கழுத்தில் அடையாள அட்டை, பையில் பச்சை மைப் பேனா.

“நேரம் எழுதி, ஒரு கையெழுத்துப் போடுங்க சார்” என்று பரிபூரணம் நூல் கட்டிய பென்சிலை நீட்டியது. “போடாட்டியும் பரவாயில்லை. பெரிய இடம் நீங்க.”

“என்னம்மா பேசறீங்க? உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து. விதியை எழுதினதே நான்தான்!”

‘சம்புலிங்கம்’ என்று முழுதாக எழுதி, கீழே வால் போல ஒரு சுழி போட்டது நரி.

ஆய்வறிக்கையை நூலகக் கணினியில்தான் பதிய வேண்டும். கணினி தேன் குரலில் பேசியது: “வணக்கம். உங்கள் கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது. ஒரு நிமிடத்துக்குள் உள்ளிடவும்.”

நரி கைப்பேசியைத் தூக்கிப் பார்த்தது. ஆட்டிப் பார்த்தது. “டவர் எங்கேம்மா கிடைக்கும்?”

“வெளியே அந்தப் புளியமரத்தடியில சார். நாற்பது எட்டு வச்சாப் போதும்.”

நரி ஓடியது. மரத்தடியில் ‘டிங்’ என்றது. “நாலு நாலு ஏழு ஒண்ணு, நாலு நாலு ஏழு ஒண்ணு” என்று ஜபித்தபடி திரும்பி ஓடி வந்தது.

“கையெழுத்தெல்லாம் வேணாம் சார், ஓடுங்க, நேரமாகுது!” என்று பதறியது பரிபூரணம்.

நரி வாசலிலேயே சறுக்கி நின்றது. “சட்டம்னா சட்டம்!” நேரம் எழுதியது. கையெழுத்துப் போட்டது. உள்ளே பாய்ந்தது.

“மன்னிக்கவும். ஓடிபி காலாவதியாகிவிட்டது. எட்டு நிமிடம் கழித்து முயலவும்.”

எட்டு நிமிடம் கழித்து மறுபடி மரம். மறுபடி ‘டிங்’. மறுபடி கையெழுத்து. மறுபடி “மன்னிக்கவும்.”

“நான் வேணா மரத்தடியில நின்னு நம்பரைக் கத்தட்டுமா சார்?” என்று கொக்கு பணிவாகக் கேட்டது.

“ஓடிபியை யாரிடமும் பகிரக் கூடாது! சுற்றறிக்கை தொண்ணூற்றாறு. அதுவும் நான் எழுதினதுதான்!”

பத்தரை மணிக்கு ‘சம்புலிங்கம்’ ‘சம்பு’ ஆனது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் ‘ச’. மூன்று மணிக்கு மேல் ஒரு நெளிகோடு. நரியின் கண் கைப்பேசியிலேயே இருந்ததால், பென்சில் எங்கே போகிறது என்று அது பார்க்கவே இல்லை.

“கேள்வி” என்று கூர்மையா மேஜைக்கடியில் முணுமுணுத்தது. “ஒரு நரி நாற்பது எட்டை ஒரு நிமிடத்தில் கடந்தால்…”

“வாயை மூடிட்டுப் படி” என்ற கொக்கு, சிரிப்பை விழுங்க விளையாட்டுப் பக்கத்தையே வாய்க்குள் திணித்துக்கொண்டது.

மணி ஐந்து. “அலுவலக நேரம் முடிந்தது” என்றது கணினி. “எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரவும்.”

நரிக்கு நாக்கு முழுதாக வெளியே தொங்கியது. ஆனாலும் முகத்தில் வெற்றி. “அறிக்கையைக் கையால எழுதிக்கிறேன். பதிவேட்டை எடுங்க. மொத்தமே மூணு பேர்! நாளைக்கு சாவி என் கையில.”

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியது. கடைசி வரியில் வரிசை எண் ஐம்பது.

“ஐம்பதா! நாள் பூரா நான் இங்கேயே இருக்கேன். இந்த மூணு பேரைத் தவிர ஒரு ஈ கூட வரலையே!”

“பதிவேடு பொய் சொல்லுமா சார்?”

நரி பக்கத்தை மூக்கருகில் பிடித்து உற்றுப் பார்த்தது. “ஆகா! பிடிச்சிட்டேன்! எல்லாம் ஒரே கிறுக்கல், மண்புழு நெளிஞ்ச மாதிரி. எவனோ படிக்காத முட்டாளைப் பிடிச்சு, நாள் பூரா வாசல்ல நிக்க வச்சுக் கிறுக்க விட்டிருக்கீங்க!”

தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை இறக்கையைக் கடித்துக்கொண்டது. கூர்மையா ஓட்டுக்குள் போய்விட்டது. ஓடு மட்டும் குலுங்கியது.

“அநியாயம் சார்” என்றது பரிபூரணம். “புகாரா எழுதிக் கொடுங்க. அந்த முட்டாள் யாருன்னு மகாராஜா கண்டுபிடிக்கட்டும்.”

நரி பச்சைப் பேனாவை உருவியது. “மேற்படி கையெழுத்துகளை இட்ட நபர் கடும் தண்டனைக்குரியவர்” என்று எழுதியது. களைத்துப்போன கையால் கீழே கையெழுத்துப் போட்டது.

பச்சை மண்புழு ஒன்று நெளிந்து கிடந்தது.

நரி அதைப் பார்த்தது. பதிவேட்டைப் பார்த்தது. ஒரு பக்கம் பின்னால் புரட்டியது: ‘ச’. இன்னும் ஒன்று: ‘சம்பு’. முதல் பக்கத்தில் வால் சுழியோடு முழுப்பெயர். மெதுவாகத் தலையைத் தூக்கியது.

“அம்மா” என்றது. “இந்த முட்டாள்…”

நீதி: நூலகத்தைக் காப்பாற்ற நல்ல வாசகர்கள் தேவையில்லை. அதை மூட வரும் நேர்மையான அதிகாரி ஒருவரும், டவர் எட்டாத சுவர் நான்கும் போதும்.