படுக்க வைத்த கிணறு

எங்கள் பக்கத்தில் நோயாளி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கூடவே ‘விவரம் தெரிந்த ஆள்’ ஒருவர் போவார். நோயாளிக்கு வலி என்றால் விவரம் தெரிந்த ஆளுக்கு வாய். டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் நோயாளி வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொல்லிவிடுவார். (“நல்லா தூக்கம் வந்துச்சா?” “வந்துச்சு சார்!” இத்தனைக்கும் இவர் படுத்திருந்தது வேறு ஊரில்.)

கல்யாணமான புதிதில் என் மாமனார் வீட்டில் இந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. நான் புதியம்புத்தூரில் ரெடிமேட் யூனிட் நடத்துகிறவன். சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்து வெளியூருக்கு அனுப்புவது தொழில். மருத்துவத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், சாப்பிட்டுப் படுத்ததும் செல்போனில் பார்க்கும் வீடியோக்கள்தான். அதிலேயே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. மீதிப் பாதியைப் பேசியே சமாளித்துவிடுவேன்.

மாமாவின் பெயர் சுப்பையா. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். அந்த வருஷம் மழைக்கு முன்னால் அவருக்கு இடது கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுண்டி இழுத்தது. பிறகு மரத்துப் போனது. ஒருநாள் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு காட்டிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான், பிறந்த வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி செல்வி அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். அவளுடைய தம்பி வேலைக்காக வெளியூரில் இருந்தான். ஆகவே விவரம் தெரிந்த ஆள் கிளம்பினார்.

கோவில்பட்டியில் டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். “முதுகுல நரம்பு எங்கயோ நசுங்குது. எந்த இடம்னு தெரிஞ்சாதான் வைத்தியம். எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க, காலு இன்னும் பலம் கெட்டுரும்” என்றார். விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கால் போனால் காடு போச்சு என்று மாமா மனதில் ஓடியிருக்கும். எனக்கு அது உறைக்கவில்லை. எனக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

ஸ்கேன் சென்டரில் மாமாவின் வேட்டி சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் நாடா கட்டுகிற பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். (தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன். சின்னப் பிள்ளைக் கவுனைப் போல வளர்ந்த ஆணுக்குப் பின்னால் திறப்பு வைத்துத் தைக்கிற உடுப்பு உலகத்தில் அது ஒன்றுதான்.) மாமா துண்டைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மாப்ள, உள்ள என்ன செய்வாக?” என்று கேட்டார். பாவம், தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

“ஒண்ணுமில்ல மாமா. அது பெரிய காந்தம். ஒரு நாற்காலிய உள்ள கொண்டு போனா பறந்து போய் ஒட்டிக்கிடும்.”

“நாற்காலியா?”

“ஆமா. அந்தக் காந்தம் நம்ம உடம்புல இருக்குற அணுவையெல்லாம் ஒரு பக்கமா திருப்பி நிறுத்தும்.”

“அணுன்னா... கூடங்குளத்துல இருக்குதே, அதா?”

“கிட்டத்தட்ட அதான் மாமா.”

மாமா துண்டை இறுக்கிப் பிடித்தார். “திருப்புனா, பொறவு பழையபடி நேரா நின்னுருமா?”

“பெரும்பாலும் நின்னுரும்” என்றேன். (பெரும்பாலும்! அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

அடுத்த சந்தேகம் கேட்டார். “மாப்ள, நான் ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை திங்குதேம்லா. அந்த இரும்பையும் இழுத்துருமா?”

இந்தக் கேள்விக்கு எந்த வீடியோவிலும் பதில் வரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விவரம் தெரிந்த ஆள் அப்படிச் சொல்லலாமா? “லேசா இழுக்கும். பெருசா ஒண்ணும் இருக்காது” என்றேன்.

மாமாவின் முகம் கரிசல் மண் வெயிலில் வெளிறுவது போல வெளிறியது. பயந்துவிட்டாரே என்று எளிமையாக விளக்க ஆரம்பித்தேன். விவசாயிக்கு விவசாயி பாஷையில் சொன்னால்தானே புரியும்?

“மாமா, சுலபமாச் சொல்லுதேன் கேளுங்க. கிணறு இருக்குல்லா கிணறு? அதப் படுக்க வச்சா எப்படி இருக்கும்? அதுக்குள்ள நம்மளத் தள்ளுவாங்க. அரை மணி நேரம் அசையாமக் கெடக்கணும். அம்புட்டுத்தான்.”

மாமா தலையை மட்டும் ஆட்டினார். என் விளக்கத்தில் சொக்கிப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் போனேன். திரும்பி வந்தால் பெஞ்ச் காலி.

கழிப்பறையில் இல்லை. வராந்தாவில் இல்லை. வேட்டி சட்டை பத்திரமாக என்னிடம் இருந்தது, ஆளைத்தான் காணவில்லை. ஸ்கேன் எடுக்கும் பெண் வெளியே வந்து, “சார், உங்க பேஷண்ட் எங்க?” என்று கேட்டது. அந்த நேரம் பார்த்து செல்வியின் போன்.

“என்னங்க, அப்பா எப்படி இருக்காங்க?”

“நல்லா நடக்காங்க.”

“எங்க நடக்காங்க?”

“அதத்தான் தேடுதேன்.”

“அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?” என்றாள். மனைவிமார்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ! நான் காந்தத்தில் தொடங்கிக் கிணற்றில் முடித்தேன்.

“கிணறா? கிணத்துக்குள்ள தள்ளுவாங்கன்னா சொன்னீங்க?” என்று கத்தினாள். “அய்யோ, நான் சின்னப் பிள்ளையா இருக்கையில தூரெடுக்க இறங்குன அப்பா மேல கிணத்து மண்ணு சரிஞ்சு மூடிருச்சுங்க! நெஞ்சு வரைக்கும் மண்ணு. கூப்பிட்டது மேல யாருக்கும் கேக்கல. மத்தியானம் கஞ்சி கொண்டு போன அம்மாதான் பாத்து ஊரைக் கூட்டுனாங்க. அன்னையில இருந்து அப்பா கிணத்த எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. ஊருக்கே தெரியும்!”

ஊருக்கே தெரியும், ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் எங்கே கேட்டேன்? நான் பேசுகிற கட்சி.

தெருவில் இறங்கி ஓடினேன். நல்லவேளை, அந்தக் காலை வைத்துக்கொண்டு மாமாவால் ரொம்பத் தூரம் போக முடியவில்லை. நாலு கடை தள்ளி ஒரு கடலைமிட்டாய்க் கடை. அதன் வாசலில் பச்சை அங்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். கடைக்கார அண்ணாச்சி ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டு, “அண்ணாச்சி எந்த ஊரு கோயில்ல சாமியாடுதீங்க? உடுப்பு புதுசா இருக்கே?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் மாமா தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு காலு வேண்டாம் மாப்ள. கம்பு ஊனி நடந்துக்கிடுதேன். வீட்டுக்குப் போவோம்.”

வெயிலுக்கும் வறட்சிக்கும் அசராத மனிதர். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

“மாமா, நான் சொன்னது பூராம் தப்பு. எனக்கு ஒரு எழவும் தெரியாது. உங்களுக்கு எதுல பயம்? அதச் சொல்லுங்க. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். “உள்ள போனதும் மூடிருவாகளா? நான் கூப்பிட்டா வெளிய யாருக்காவது கேக்குமா?”

ஓடினேன். ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். திரும்பி ஓடிவந்தேன். “மூட மாட்டாங்களாம் மாமா. ரெண்டு பக்கமும் தொறந்துதான் இருக்குமாம். உள்ள லைட்டு, காத்து எல்லாம் உண்டு. கையில ஒரு ரப்பர் பந்து தருவாங்க. அத அமுக்குனா அங்கன சத்தம் கேக்கும், உடனே வெளிய எடுத்துருவாங்க. நம்ம பேசுறதும் கேக்குமாம்.”

“இரும்பு மாத்திரை?”

மறுபடி ஓடினேன். அந்தப் பெண் சிரித்தே விட்டது. “அதெல்லாம் ஒண்ணும் செய்யாது சார். நகை, சாவி, பெல்ட்டு, உடம்புக்குள்ள கம்பி வச்சு ஆபரேஷன் பண்ணியிருந்தா அது, இதத்தான் கேக்கோம்.” அப்படியே ஓடிவந்து ஒப்பித்தேன். (கடலைமிட்டாய் அண்ணாச்சி இடையில் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். மூச்சு வாங்கிய வாங்கில் நோயாளி யார் என்று அவருக்கே குழப்பம்.)

“முதல்ல மிஷினக் கண்ணால பாக்கணும்” என்றார் மாமா. கூட்டிக்கொண்டு போய், மிஷின் அறை வாசலில் நின்று காட்டும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குனிந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். “இது எங்க மாப்ள கிணறு? சிமெண்டுக் குழாய்லா!” என்றார். பிறகு மெதுவாக, “நீங்களும் உள்ள நிக்கணும்” என்றார்.

அந்தப் பெண் என்னையும் உடம்பில் உலோகம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுச் சம்மதித்தது. ஆனால் ஜீன்ஸில் ஜிப்பும் பித்தானும் உலோகமாம், அதனால் மாற்றுவதற்கு ஒரு பைஜாமா கொடுத்தார்கள். போட்ட பிறகுதான் பார்த்தேன். நாடா கோர்க்கும் துளை இருந்தது, நாடா இல்லை. இடுப்போ என்னைப் போல் இரண்டு பேருக்கு ஆனது. கேட்டு மாற்றிக்கொள்ள வெட்கப்பட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மறு கையால், குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மாமாவின் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். குழாய்க்குள் போகும்போது அவர் கேட்டது அதைத்தான்.

“பிடிச்சிருக்கேன் மாமா.”

“மரத்துக் கெடக்கு. இன்னும் அழுத்திப் பிடிங்க.”

சத்தம் வரும் என்று சொல்லி இருவர் காதையும் அடைத்திருந்தார்கள். இருந்தாலும் தகரக் கூரையில் ஒருவன் சம்மட்டியால் அடிப்பது போல ‘டக டக டக’ என்று ஆரம்பித்ததும் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. என்னை அறியாமல் இரண்டு கையாலும் மாமாவின் காலைப் பாய்ந்து பிடித்தேன். இரண்டு கையும் காலில் என்றால் பைஜாமா எங்கே? அது தன்பாட்டுக்குத் தரைக்குப் போய்விட்டது. கோடு போட்ட அண்டர்வேரோடு நான் நிற்கிறேன். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண். காலை விட்டால் மாமா பயந்துவிடுவார் என்று அப்படியே நின்றேன்.

சத்தம் நின்ற ஒரு இடைவெளியில் ஸ்பீக்கர் பேசியது. “சார், அசையாம இருக்கச் சொன்னது பேஷண்ட்ட. நீங்க தாராளமா அசையலாம். கீழ கெடக்கத எடுத்துக் கட்டுங்க.”

“என்ன மாப்ள, எது கீழ கெடக்கு?” என்றது குழாய்.

“பைஜாமா மாமா.”

அவ்வளவுதான். குழாய் குலுங்க ஆரம்பித்தது. அப்படி ஒரு சிரிப்பு. படம் கலங்கிவிட்டது என்று அந்தப் பெண் முதலிலிருந்து எடுத்தது. இரண்டாவது தடவை மாமா பயப்படவே இல்லை. சிரிப்பை அடக்குவதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

படத்தில் முதுகெலும்புக்கு நடுவில் ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பை அமுக்கியது தெரிந்தது. டாக்டர் பேச ஆரம்பித்ததும் நான் வாயைத் திறந்தேன். மாமா என் தொடையில் கையை வைத்து அழுத்திவிட்டு, “சார், எனக்குப் புரியுத மாதிரி நீங்களே சொல்லுங்க” என்றார். டாக்டரும் சொன்னார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மாத்திரை, உடற்பயிற்சி, கனம் தூக்கக் கூடாது. மாமா சந்தேகம் தீரும் மட்டும் கேட்டார். அந்த வருஷ விதைப்பை வரப்பில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். களை எடுக்கிற சமயத்தில் காலில் உணர்ச்சி திரும்பிவிட்டது. இப்போது எனக்கு முன்னால் நடக்கிறார்.

அதெல்லாம் சரி. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மணமேடையில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்குப் பாதபூஜை செய்துகொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமா, பந்தல் முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

“எல்லா வீட்டுலயும் மாமனாருதான்வே மாப்பிள்ளை காலப் பிடிப்பாரு. எங்க வீட்டுல மாப்பிள்ளை எங்காலப் பிடிச்சாரு. உடுத்துன துணி உருவி விழுந்துச்சு பாருங்க, அப்பவும் மனுசன் காலை விடலையே!”