முயல் வளைக்கு வந்த பாம்பு

முயல் இன்னும் வளையை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் ஏழு கைகள் உயர்ந்துவிட்டன. டீச்சர் ஓரக்கண்ணால் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

அங்கே கல்வி அதிகாரி முழங்காலை மடக்கி, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கதை சொல்லிப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கவும் இரக்கப்படவும் இந்த அம்மா கற்றுக்கொடுக்கிறாரா என்று பார்க்க வந்தவர். அவர் எழுதுவதைப் பொறுத்துதான் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கதை சின்னதுதான். மழையில் நனைந்த பாம்புக்கு முயல் இடம் கொடுக்கிறது.

"பாம்பு முயலைத் தின்னுடுமே டீச்சர்?"

இது குட்டிப் பாம்பு, பல்லே முளைக்கவில்லை என்று சமாளித்தார். அப்படியென்றால் அதன் அம்மா தேடாதா என்றது முன்வரிசை. சரி, அம்மாவும் வந்துவிட்டது என்றார். அம்மாவுக்குப் பல் இருக்குமே என்றார்கள். அதற்கு வயிறு நிறைந்திருந்தது என்று சொல்லி வைத்தார். எதைத் தின்றது என்று கேட்டார்கள்.

"தவளை" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தவளைக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரணை தொடங்கியது. இல்லை என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாவது வரிசையில் ஒருத்தி விசும்பினாள். அழுகை கொட்டாவி மாதிரி தொற்றி, வகுப்பே ஓவென்று அழுதது. டீச்சர் பதறிப்போய், அந்தத் தவளைக் குட்டிகளையும் முயல் தன் வளையிலேயே சேர்த்துக்கொண்டது என்றார்.

"பாம்பு இருக்கிற வளையிலயா?"

அதிகாரி நோட்டை மூடினார். எழுந்து போனார்.

மணி அடித்தது. டீச்சர் நாற்காலியிலேயே சரிந்து கிடந்தார். இந்த வேலையை நம்பித்தான் அம்மாவைத் தன்னோடு கூட்டி வந்திருந்தார். சாயங்காலம் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்ததும் கண்ணீர் முட்டியது. இத்தனை வருஷப் படிப்பும் ஒரு தவளையில் வந்து முடிந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகும் ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி மேசையருகே நின்றாள்.

"அழாதீங்க டீச்சர். போன வருஷம் இதே சார் வந்தப்போ நாங்க யாருமே கேள்வி கேக்கல, அதனால அந்த டீச்சரை அனுப்பிட்டாங்க. உங்களையும் அனுப்பிடக் கூடாதுன்னுதான் ஆளுக்கு ஒரு கேள்வி கேக்கணும்னு நேத்தே பேசி வச்சோம். அழுகை மட்டும் தானா வந்துடுச்சு."