வாயைத் திறந்தபடி கேட்ட பாட்டு

குழல்காரரின் கடைவாய்ப் பல்லை டாக்டர் குடைந்துகொண்டிருந்தபோது, அறையின் மூலையில் இருந்த ஸ்பீக்கரில் குழல்காரரே வாசித்துக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று இணையத்தில் அவர் இலவசமாக விட்ட பாட்டு அது. கேட்கத்தான் இலவசம், தொழில் நடத்த இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. வாய் நிறையப் பஞ்சு.

"அந்த டாக்டர் மட்டும் வேண்டாங்க, பஸ் ஏறி வேற எங்கயாவது போங்க" என்றுதான் மனைவி சொல்லியிருந்தாள். போன வருடம் அவளே அங்கேதான் பல்லை அடைத்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவை விட்டு யார் பஸ் ஏறுவார்கள்?

பஞ்சை எடுத்ததும் பாட்டுக்குக் காசு கேட்டே விட்டார். டாக்டர் தங்கமான மனிதர். காசு விவகாரமெல்லாம் முன்மேசைப் பெண்தான் பார்ப்பாள், அவள் லீவில் போயிருக்கிறாள் என்று வருந்தி, கையோடு பாட்டையும் நிறுத்திவிட்டார்.

வந்தது வினை. பாட்டு இல்லாமல் ஒருவரும் நாற்காலியில் ஏற மாட்டேன் என்றார்கள். காசுதான் இல்லை என்றால், கேட்க இருந்த நாலு பேரும் போச்சு.

குழல்காரர் விடவில்லை. பழையதில் சமையலறைச் சத்தமெல்லாம் கலந்திருந்தது. காசுக்குத் தகுந்தாற்போல் புதிதாகப் பதிந்து தருவதாக வாக்குக் கொடுத்தார். ஜன்னலை அடைத்தார். வேலைக்கு நடுவே எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் மனைவியை வாயைத் திறக்காதே என்று உட்கார வைத்தார். பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்த உயர்ந்த குழலை எடுத்தார். ஏது காசு என்று அன்று கேட்டதற்கு, சேர்த்து வைத்தது என்றாள். அவர் சம்பாத்தியத்தில் மாசக் கடைசியிலும் கடன் இல்லாத வீடு அது. எப்படி என்று அவர் கேட்டதில்லை. நிம்மதியாக இருக்கிறவன் எதற்குக் கணக்குக் கேட்க வேண்டும்?

"இவ்ளோ சுத்தமா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

பதிவு பளிங்காக வந்தது. அதைப் போட்ட அன்று ஒரு குழந்தை டாக்டரின் விரலைக் கடித்துவிட்டது. சரி, இன்னும் சாந்தமாக இருக்கட்டும் என்று இன்னொன்று வாசித்துக் கொடுத்தார். அதைக் கேட்ட ஒரு பெரியவர், யார் தவறிப்போனது என்று விசாரித்துவிட்டு, ஆடுகிற பல்லோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

குழல்காரர் இறங்கி வந்தார். பழைய பாட்டே ஓடட்டும், நியாயமாக ஏதாவது பார்த்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லப் போனார். லீவு முடிந்து வந்திருந்த முன்மேசைப் பெண் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பிட்டுதானே இருக்கோம் சார். பாடற அம்மா போன வருஷம் பல் அடைக்க வந்தாங்க, வெளிய உக்காந்து கூடவே முணுமுணுத்தாங்க, அப்பவே குரலைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றவள், சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அவங்களுக்குப் பின்னாடி யாரோ குழல் ஊதறாங்களே, அது நீங்களா?"